பல கண்கள், ஒரு கணம்: ஆக்லாந்துக் கேமராக்களின் வழியே

பல கேமராக்களை ஒரே கணத்தில் இமைக்க வைத்து, அவை எடுத்த படங்களிலிருந்து ஒரு பொருளின் முப்பரிமாண வடிவத்தைக் கணக்கிடுவது ஆக்லாந்தில் ஏறக்குறைய ஓர் உள்ளூர்க் கலை. பாய்மரப் படகின் தளம், சோதனைக் காரின் முன்கண்ணாடி, மனிதத் தோலை அளக்கும் ஆய்வுமேசை, கிவிப் பழப் பந்தலின் அடிப்புறம் என்று இந்நகரப் பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகளாகக் கேமராக்களைக் கூட்டமாகக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். இந்த நான்கையும் ஒரே பயணத்தில் கோத்துவிடலாம். துறைமுகத்தில் தொடங்கி, ரயிலில் கிழக்கே போய், நகரத்துக்குத் திரும்பி சைமண்ட்ஸ் தெருவின் மேடேறி, பிறகு தெற்கு நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும்.

நான்கு இடங்களிலும் எழும் கேள்வி ஒன்றுதான். கூட்டாகக் கட்டிய கேமராக்களிலிருந்து, ஒரே கணத்தில் கேமராவுக்கு ஒன்றாக எடுத்த படங்கள் ஒரு தொகுதி என்றால், விநாடிக்கு எத்தனை முழுத் தொகுதிகளை எடுக்க முடியும்? விநாடிக்கு 100 ஃப்ரேம் எடுக்கும் நான்கு கேமராக்களை வாங்கி, ஒரு கணினியில் சொருகி, கையில் கிடைத்த நிரலை ஓட்டினால் 100 தொகுதிகள் கிடைப்பதில்லை. இருபதுக்குச் சற்று மேல் கிடைத்தாலே பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். மீதி எண்பது எங்கே தொலைந்தது என்று தேடும்போது கேமரா பெரும்பாலும் குற்றவாளியாக இருப்பதில்லை. ஆணை, வெளிச்சம், கம்பி, நினைவகம், வட்டு என்று நீளும் வரிசையில் எது மிகக் குறுகலோ அதுவே மொத்த வேகத்தை முடிவு செய்கிறது.

ஆக்லாந்தின் வயடக்ட் துறைமுகம் இன்று உணவகங்களும் உல்லாசப் படகுகளும் நிறைந்த கரை. அதற்கு இந்த உருவத்தைத் தந்தது அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் போட்டி. 1995-இல் சான் டியாகோவில் கோப்பையை வென்ற நியூசிலாந்து அணி, 2000-இல் ஆக்லாந்திலேயே அதைக் காத்துக்கொண்டது. 2003-இல் சுவிட்சர்லாந்தின் அலிங்கி அணியிடம் இழந்தது. 2017-இல் பெர்முடாவில் மீட்டது. 2021-இல் மறுபடியும் இங்கேயே காத்துக்கொண்டது. அந்த ஆண்டில் ஓடிய ஏசி75 வகைப் படகுகள் நீர்ச்சிறகுகளின் மேல் எழும்பி 50 நாட் வேகத்தைத் தொட்டன. மணிக்கு 90 கிலோமீட்டருக்கும் மேல். காற்றை மட்டும் நம்பி ஓடும் கலத்துக்கு இது நம்ப முடியாத வேகம்.

இந்தப் போட்டிகளின் பின்னணியில் வளர்ந்ததுதான் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் படகு ஆய்வுப் பிரிவு. 1987-இல் தொடங்கிய இப்பிரிவு உருவாக்கிய கருவிகளில் ஒன்று வி-ஸ்பார்ஸ். ஓடும் படகில் பாய் எந்த வடிவத்தில் விரிந்திருக்கிறது என்று கேமராவால் அளக்கும் முறை அது. பாயின் வெவ்வேறு உயரங்களில் வண்ணப் பட்டைகளை ஒட்டுகிறார்கள். தளத்தில் பதித்த கேமராக்கள் செங்குத்தாக மேலே பார்த்து அந்தப் பட்டைகளின் வளைவைப் படமெடுக்கின்றன. நிரல் அவற்றிலிருந்து பாயின் குழிவையும் முறுக்கத்தையும் பாய்மரத்தின் வளைவையும் கணக்கிடுகிறது. 2008-இல் ஆக்லாந்தில் நடந்த படகு வடிவமைப்பு மாநாட்டில் இது விரிவாக முன்வைக்கப்பட்டது. பின்னாளில் பாயின் மேல் பொருத்திய அழுத்த உணரிகளோடு இம்முறையைச் சேர்த்து, காற்று பாயைத் தள்ளும் விசையையே கணக்கிட்டார்கள்.

வேகத்தைப் பற்றிய முதல் பாடம் இந்தப் படகிலேயே கிடைக்கிறது: எல்லா அளவீட்டுக்கும் அதிவேகம் வேண்டியதில்லை. படகு எவ்வளவு விரைந்தாலும் கேமராவும் பாயும் ஒன்றாகவே பயணம் செய்கின்றன. பாயின் வடிவம் மாறுவது அலையின் ஏற்ற இறக்கத்துக்கும் கயிற்றை இழுத்துத் தளர்த்துவதற்கும் ஏற்பத்தான். அந்த மாற்றத்துக்குச் சில விநாடிகள் பிடிக்கும். ஆகவே விநாடிக்குச் சில ஃப்ரேம்களே போதும். ஆனால் ஃப்ரேம், காற்றுமானியின் அளவு, அழுத்த உணரியின் அளவு மூன்றும் ஒரே கடிகாரத்தில் குறிக்கப்பட வேண்டும். முன்பாயின் படம் இப்போதையது, பெரும்பாயின் அழுத்தம் அரை விநாடிக்கு முந்தையது என்றிருந்தால், அவற்றைக் கூட்டிப் போட்ட விசைக்கணக்கு எந்தக் கணத்துக்கும் உரியதல்ல.

துறைமுகத்தின் இன்னொரு பாடம் வானத்திலிருந்து வருகிறது. ஒரே நாளில் நான்கு பருவங்கள் என்பது ஆக்லாந்துக்காரர்கள் தங்கள் வானிலையைப் பற்றி அடிக்கடி சொல்வது. கடும் வெயிலும் ஓடும் மேகமும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் ஊரில் கேமராவின் தானியங்கி வெளிச்சச் சரிசெய்தலை இயங்க விட்டால், மேகம் மறைக்கும்போதெல்லாம் கேமரா தன் திறப்பு நேரத்தை நீட்டிக்கொள்ளும். திறப்பு நேரம் 10 மில்லிவிநாடியைத் தாண்டிய கணத்தில் 100 ஃப்ரேம் என்பது கணக்கிலேயே முடியாததாகிவிடுகிறது. அதைவிடக் கெட்டது, நிழலில் உள்ள கேமரா ஒரு நேரமும் வெயிலில் உள்ளது இன்னொரு நேரமும் வைத்துக்கொள்வது. தொகுதியின் வேகம் திடீரென்று சரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தானியங்கிதான். அதை அணைத்து, திறப்பு நேரத்தையும் ஒளிக்குறியின் பெருக்கத்தையும் எல்லாக் கேமராவுக்கும் கையால் ஒன்றாக நிர்ணயிப்பது செலவில்லாத சீர்திருத்தம்.

துறைமுகத்தை அடுத்து, பிரிட்டோமார்ட் என்று அறியப்பட்ட நிலையத்திலிருந்து கிழக்கு ரயில்பாதை புறப்படுகிறது. ஹாப்சன் விரிகுடாவின் நீர்மேல் கட்டிய பாதையில் ஓடி, ஒராக்கே, மெடோபேங்க் நிலையங்களைக் கடந்து, ஒரு சுரங்கத்தின் வழியே க்ளென் இன்ஸ் வந்து சேர்கிறது. சன்னலோரப் பயணிக்குத் துறைமுகத்துக்கு அப்பால் ராங்கிடோட்டோ தீவு தெரியும். சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் கடலிலிருந்து எழுந்த எரிமலை அது. ஆக்லாந்து நகரமே ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு எரிமலைகளின் மேல் கட்டப்பட்டது.

க்ளென் இன்ஸ் அருகே பல்கலைக்கழகத்தின் தாமகி வளாகம் இருந்தது. பல்கலைக்கழகம் அதை விட்டு நகர்ந்துவிட்டது. ஆனால் இந்தப் பொருளுக்கு அந்த வளாகம் இரண்டு வகையில் முக்கியம். முதலாவது முறுக்குக் காற்றுச் சுரங்கம். கடற்பரப்பில் காற்றின் வேகம் உயரத்தோடு கூடுகிறது. படகின் வேகமோ எல்லா உயரத்திலும் ஒன்றே. இரண்டும் சேரும்போது, பாயின் அடியில் படும் காற்றும் உச்சியில் படும் காற்றும் வெவ்வேறு திசையிலிருந்து வருவதாகத் தோன்றும். அந்த முறுக்கத்தைத் தகடுகளால் உண்டாக்கும் சுரங்கத்தை 1990-களின் நடுவில், அமெரிக்கா கோப்பைத் தயாரிப்பின்போது, படகு ஆய்வுப் பிரிவு கட்டியது. மாதிரிப் பாய்கள் அங்கே சோதிக்கப்பட்டன.

இரண்டாவது, ரைன்ஹார்ட் கிளெட்டேயின் கணினிப் பார்வைக் குழு. ஜெர்மனியிலிருந்து 1990-களில் ஆக்லாந்து வந்த கிளெட்டே, 2020-இல் மறையும்வரை இந்நகரத்திலேயே பணியாற்றினார். ஓட்டுநருக்கு உதவும் கார்க் கேமராக்களை ஆராய அவருடைய குழு ஹாகா1 என்று ஒரு சோதனை வண்டியை அமைத்தது. இன்று கார் நிறுவனங்களெல்லாம் பேசும் விஷயத்தை எரிமலை மேடுகளுக்கு நடுவிலிருந்த ஒரு புறநகர் வளாகம் அப்போதே கையில் எடுத்திருந்தது. அக்குழு வெளியிட்ட இரட்டைக் கேமராப் பதிவுகளைப் பிற நாட்டு ஆய்வாளர்களும் தங்கள் நிரல்களைச் சோதிக்கப் பயன்படுத்தினார்கள்.

அக்குழுவின் சிறந்த யோசனை மூன்றாவது கண். இடம், வலம் இரு கேமராக்களின் படங்களிலிருந்து தூரத்தைக் கணக்கிடும் நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று ஓடும் சாலையில் எப்படிச் சோதிப்பது? எதிரே வரும் லாரி வரை நாடா பிடித்து அளக்க முடியாது. ஆகவே மூன்றாவது கேமரா ஒன்றைச் சேர்த்தார்கள். முதல் இரண்டின் கணக்கிலிருந்து மூன்றாவதன் இடத்தில் என்ன காட்சி தெரிய வேண்டும் என்று ஒரு செயற்கைப் படத்தை நிரல் வரைகிறது. அதை மூன்றாவது கேமரா உண்மையில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் நிரலின் யோக்கியதை தெரிந்துவிடும். மூன்று கேமராக்களும் ஒரே கணத்தில் திறந்தால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு.

ஒரே கணம் என்பது எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். இரு கேமராக்களுக்கு இடையே 30 சென்டிமீட்டர். குவியநீளம் 1,000 பிக்சலுக்குச் சமம். 20 மீட்டர் தொலைவில் ஒரு கார் குறுக்கே கடக்கிறது. அதன் உருவம் இரு படங்களிலும் 15 பிக்சல் விலகித் தெரிய வேண்டும். அந்தக் கார் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்ல, ஒரு கேமரா மற்றொன்றைவிட 10 மில்லிவிநாடி தாமதித்தால் கார் அதற்குள் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் அது 5 பிக்சல். விலகல் 15-க்குப் பதில் 20 ஆனால் கார் 15 மீட்டரில் இருப்பதாகவும், 10 ஆனால் 30 மீட்டரில் இருப்பதாகவும் கணினி நம்பும். இமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தாமதம், காரை அரைத் தெரு தள்ளி வைத்துவிடுகிறது. வேகத்தைக் கூட்டும் முயற்சியில் ஒத்திசைவை விட்டுக்கொடுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்து ஆய்வுக் கேமராக்கள் பல ஃபயர்வயர் கம்பியில் ஓடின. அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. கம்பியே 125 மைக்ரோவிநாடிக்கு ஒரு சுற்று என்று தாளம் போடுவதால், ஒரே கம்பியில் இணைத்த சில வகைக் கேமராக்கள் தாமாகவே அந்தத் தாளத்துக்கு ஒத்துப் போயின. குறை அதன் அகலம். விநாடிக்கு 400 மெகாபிட் என்று எழுதியிருந்தாலும் படத்துக்கென்று கிடைத்தது சுமார் 32 மெகாபைட். 640-க்கு 480 பிக்சல் கறுப்புவெள்ளைப் படம், விநாடிக்கு 30 வீதம், மூன்று கேமரா என்றால் ஏறத்தாழ 28 மெகாபைட், உள்ளே அடங்கிவிடும். வேகத்தை 60 ஆக்கினால் அடங்காது. மூன்றாவது கண்ணைச் சேர்ப்பவர் அதற்கான விலையை வேகத்தில்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

ரயிலில் திரும்பி, ஆல்பர்ட் பூங்காவைத் தாண்டி மேடேறினால் சைமண்ட்ஸ் தெரு. இத்தெருவின் 70-ஆம் எண் கட்டடத்தில் நீண்ட காலம் இயங்கியது ஆக்லாந்து உயிர்ப்பொறியியல் நிறுவனம். பீட்டர் ஹண்டர் 2001-இல் நிறுவியது. இதயத்தையும் நுரையீரலையும் சமன்பாடுகளாக எழுதிப் பார்ப்பதில் உலகப் பெயர் பெற்ற இந்நிறுவனத்தில், தோலும் மென்திசுவும் இழுபடும்போது எப்படி நெளிகின்றன என்பதைப் பல கேமராக்களால் அளக்கும் கருவிகளும் உருவாயின. பிக்சலின் சிறு பின்னம் அளவுக்கு நகர்ந்தாலும் கண்டுபிடிக்கும் பட ஒப்பீட்டுக் கணிதத்தை அங்குள்ளோர் வளர்த்தார்கள். பிக்சலின் பின்னத்தை எண்ணுகிற இடத்தில் கேமராக்களுக்கு இடையிலான சிறு காலப் பிசகும் தோலின் அசைவாகக் கணக்கில் ஏறிவிடும். வேகத்தின் தேவையும் இங்கே வேறு. எலியின் இதயம் நிமிடத்துக்கு 300 முறை துடித்தால் ஒரு துடிப்புக்கு 200 மில்லிவிநாடி. அந்தத் துடிப்பை 50 நிலைகளாகப் பிரித்துப் பார்க்க விநாடிக்கு 250 ஃப்ரேம் வேண்டும்.

இத்தகைய ஆய்வுக்கூடத் தொகுதியில் வேகத்தைக் கூட்டும் வேலை, படமெடுக்க ஆணையிடும் ட்ரிகரில் தொடங்குகிறது. புதிதாக எழுதுபவரின் நிரல் முதல் கேமராவிடம் படம் கேட்டு, வரும்வரை காத்திருந்து, பிறகு இரண்டாவதிடம் போகும். ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிவிநாடி என்றால் நான்குக்கு 40. வேகம் 25 ஆகிவிட்டது, படங்களும் ஒரே கணத்தவை அல்ல. எல்லாக் கேமராவையும் முதலில் திறக்கச் சொல்லி, படங்களை ஒரே சமயத்தில் ஓடும் தனித்தனி நிரல் இழைகளில் பெறுவது பாதி மருந்து. முழு மருந்து மின்கம்பி. ஒரு கேமரா திறக்கும்போது வெளிவிடும் மின்துடிப்பை மற்றவற்றின் ட்ரிகர் முனையில் கொடுக்கலாம், அல்லது தனி மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று எல்லோருக்கும் துடிப்பு அனுப்பலாம். தேர்வடம் பிடித்து நிற்கும் கூட்டத்துக்கு ஒற்றைக் குரல் கொடுப்பது மாதிரிதான் இது. குரல் கணினியிலிருந்து வந்தால் சில மில்லிவிநாடி முன்பின் ஆகும், கம்பியிலிருந்து வந்தால் மைக்ரோவிநாடிக் கணக்கில் நிற்கும். கேமராக்கள் தொலைவில் இருந்தால் ஈதர்நெட் கம்பியிலேயே கடிகாரங்களை ஒத்தியக்கும் 1588 என்ற நெறிமுறை உண்டு. 2002-இல் வந்து 2008-இல் திருத்தப்பட்டது. அதற்கு ஏற்ற கேமராக்கள் ஒன்றுக்கொன்று ஒரு மைக்ரோவிநாடியை ஒட்டி நிற்கும்.

ட்ரிகருக்கு மாறியதும் வேகம் குறைந்துவிட்டது என்ற புகார் அடிக்கடி எழும். காரணம் சென்சாரின் வேலைமுறை. ஒளியை வாங்க ஒரு நேரம், வாங்கியதை வரிவரியாக வாசித்து வெளியேற்ற ஒரு நேரம். வாசிக்க 7 மில்லிவிநாடி, ஒளிக்கு 5 என்று வைத்துக்கொண்டால், ஒன்றன் பின் ஒன்றாகச் செய்ய 12 ஆகும். விநாடிக்கு 83 ஃப்ரேம். முந்தைய படத்தை வாசித்துக்கொண்டே அடுத்ததற்கு ஒளி வாங்கினால் 7 மட்டுமே கணக்கு. 142 வரை போகலாம். தன்போக்கில் ஓடும்போது இப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிச் செய்யும் கேமராக்களில் சில, ட்ரிகர் முறைக்கு வந்ததும் அதைக் கைவிட்டுவிடுகின்றன. அமைப்புப் பட்டியலில் அந்த ஒரு தேர்வைத் தேடிப் பிடித்தால் புதிய கேமரா வாங்கும் செலவு மிச்சம். எல்லா வரிகளும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடும் குளோபல் ஷட்டர் இல்லாத மலிவுக் கேமராக்களில் இன்னொரு சங்கடம் உண்டு. ட்ரிகர் சரியாக இருந்தாலும் படத்தின் மேல்வரி ஒரு கணத்தையும் கீழ்வரி வேறொரு கணத்தையும் சேர்ந்தவை.

திறப்பு நேரத்தைக் குறைக்க வெளிச்சம் வேண்டும். நியூசிலாந்து மின்சாரம் நம்மூரைப் போலவே 50 ஹெர்ட்ஸ். பழைய குழல்விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கித் துலங்குகின்றன. திறப்பு நேரம் 10 மில்லிவிநாடிக்குக் கீழே போனதும் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வரும். ஆய்வுக்கூடங்களில் நேர்மின்னோட்டத்தில் எரியும் எல்இடி விளக்குகளை வைத்து, ட்ரிகர் துடிப்போடு சேர்த்து அவற்றையும் மின்னவைப்பது இதனால்தான். திறந்திருக்கும் கணத்தில் மட்டும் விளக்கு எரிவதால் சூடு குறைகிறது. அந்தக் கணத்தில் கூடுதல் மின்னோட்டம் கொடுத்து அதிக வெளிச்சமும் பெறலாம்.

அடுத்தது கம்பி. நான்கு கேமராத் தொகுதிகளில் பெரும்பாலான இழப்பு இங்கேதான். 1,280-க்கு 1,024 பிக்சல், பிக்சலுக்கு ஒரு பைட் என்றால் ஒரு படம் 1.31 மெகாபைட், விநாடிக்கு 100 என்றால் 131, நான்கு கேமராவுக்கு 524 மெகாபைட். சாதாரண கிகாபிட் ஈதர்நெட் கொண்டுபோவது சுமார் 115. நான்கு கேமராக்களையும் ஒரு சுவிட்சில் கூட்டி ஒரே முனையில் கணினிக்குள் விட்டால் ஆளுக்கு 22 ஃப்ரேம்தான் வரும். தொடக்கத்தில் தொலைந்த எண்பது இங்கே கிடக்கிறது. யுஎஸ்பி 3-இன் ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு நடைமுறையில் 400 மெகாபைட்டை ஒட்டி நின்றுவிடும். கணினியின் முதுகில் நான்கு துளைகள் இருந்தாலும் உள்ளே அவை ஒரே சில்லில் போய்ச் சேரலாம் என்பதால், துளைகளை எண்ணிப் பயனில்லை. தனித்தனிச் சில்லுகள் கொண்ட அட்டையைப் பொருத்தி இரண்டிரண்டாகப் பிரிக்க வேண்டும், அல்லது 10 கிகாபிட் கம்பிக்கு மாற வேண்டும்.

கம்பியை அகலமாக்குவதைவிட அதில் போவதைக் குறைப்பது பல நேரம் புத்திசாலித்தனம். வண்ணக் கேமரா தன் உள்ளேயே முழு வண்ணப் படம் செய்து அனுப்பினால் மூன்று மடங்கு பைட். சென்சார் தந்த மூலப் படத்தை அப்படியே அனுப்பி, வண்ணத்தைக் கணினியில் பிறகு பிரித்துக்கொண்டால் ஒரு மடங்கு. 12 பிட் ஆழத்தை 16 பிட் பெட்டியில் அனுப்புவது வீண். 8 பிட் போதுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். தோலின் ஒரு பட்டை மட்டும் தேவையென்றால் சென்சாரின் மற்ற வரிகளை வாசிக்கவே வேண்டாம். வரிகள் பாதியானால் பெரும்பாலான சீமாஸ் சென்சார்களில் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். அகலத்தைக் குறைத்தால் கம்பிக்கு நிம்மதி, ஆனால் வாசிக்கும் நேரம் பல சென்சார்களில் மாறுவதில்லை. கேமராவைத் தொண்ணூறு பாகை திருப்பி வைத்து, நீளமான பொருளை வரிகளின் போக்கில் படுக்க வைப்பது இதனால் உண்டான பழைய தந்திரம்.

கணினிக்குள் வந்த படத்தை உடனே வட்டில் எழுதுவதுதான் அடுத்த தடை. சுழலும் வட்டு விநாடிக்கு 150 மெகாபைட்டை ஒட்டி நிற்கும். சாட்டா எஸ்எஸ்டி 500. 524 வருகிற இடத்தில் இரண்டுமே திணறும். சிறு பதிவென்றால் நினைவகத்திலேயே தேக்கிவைத்துப் பிறகு எழுதலாம். ஒரு நிமிடத்துக்கு 31 கிகாபைட் ஆகும். நீண்ட பதிவுக்கு என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வேண்டும். படத்தைத் திரையில் காட்டுவது, சுருக்குவது, எழுதுவது எல்லாவற்றையும் படம் வாங்கும் இழையிலேயே செய்யும் நிரல்கள் இன்னும் எழுதப்படுகின்றன. வாங்கும் இழை வாங்குவதை மட்டும் செய்து வரிசையில் போட்டுவிட்டு அடுத்ததற்குத் திரும்ப வேண்டும்.

இத்தனை செய்தும் ஒரு கள்ளப் பிழை மிஞ்சும். மூன்றாம் கேமராவின் 4,017-ஆம் படம் கம்பியில் தொலைந்துபோனது என்று வைத்துக்கொண்டால், வந்த வரிசையில் ஜோடி சேர்க்கும் நிரல் அதன்பின் ஒவ்வொரு தொகுதியிலும் அந்தக் கேமராவின் அடுத்த கணத்துப் படத்தைச் சேர்த்துவிடும். எண்ணிக்கை சரியாகவே இருப்பதாகத் தோன்றும். கேமரா தானே பொறிக்கும் ஃப்ரேம் எண்ணையும் நேரத்தையும் வைத்தே ஜோடி சேர்க்க வேண்டும். ஒன்று தொலைந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் கைவிடுவதே நேர்மை. ஒத்திசைவைச் சோதிக்க எளிய வழி, எல்லாக் கேமராவின் பார்வையிலும் படும்படி வரிசையாக ஓடும் எல்இடி விளக்குகளை வைப்பது. ஒரே எண்ணுடைய நான்கு படங்களிலும் ஒரே விளக்கு எரிந்தால் சரி.

கேமராவின் எல்லையையே தாண்டிய வேகம் வேண்டுமென்றால், ஒத்திசைவைத் தலைகீழாகப் பயன்படுத்தும் வழி ஒன்று உண்டு. எல்லாவற்றையும் ஒன்றாகத் திறக்காமல், சம இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகத் திறப்பது. 1878-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் புகைப்படக் கலைஞர் மைப்ரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையில் நிறுத்தி ஓடும் குதிரையைப் பிடித்தது இதே முறைதான். குதிரை அறுத்த நூல்தான் அவருடைய ட்ரிகர். அதே ஊரை அடுத்த ஸ்டான்ஃபோர்டில் 2004-இல் விநாடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும் 52 சாதாரணக் கேமராக்களை இப்படி முறை வைத்துத் திறந்து 1,560 ஃப்ரேம் வேகத்தை எட்டினார்கள். நமக்குப் பழக்கமான தமிழ் உதாரணம் இதற்கு மறுபக்கம், அதாவது எல்லாக் கேமராவையும் ஒன்றாகத் திறப்பது: ஷங்கரின் ‘பாய்ஸ்’ படத்தில் 2003-இல் நடனக்காரர்கள் அந்தரத்தில் உறைந்து நிற்க, பார்வை மட்டும் அவர்களைச் சுற்றி வந்தது.

சைமண்ட்ஸ் தெருவுக்கு இந்தக் கலையில் இன்னொரு உறவும் உண்டு. இப்பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்ற மார்க் சாகர், முகங்களைப் பல கேமராக்களாலும் முறைவைத்து மாறும் விளக்குகளாலும் பதிவு செய்யும் லைட் ஸ்டேஜ் அமைப்புக்காக 2010-இல் பால் டெபவெக் உள்ளிட்டோருடன் ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருது பெற்றார். ஆக்லாந்துக்குத் திரும்பி வந்து உயிர்ப்பொறியியல் நிறுவனத்தில் ஓர் ஆய்வகம் தொடங்கினார். 2016-இல் அதிலிருந்து சோல் மெஷின்ஸ் நிறுவனம் பிறந்தது. விளக்கு மாறிமாறி எரியும் அத்தகைய அமைப்பில் ஒரு முழு அளவீட்டுக்குப் பல ஃப்ரேம்கள் செலவாவதால், பயனுள்ள வேகம் கேமராவின் வேகத்தை விளக்கு முறைகளின் எண்ணிக்கையால் வகுத்ததுதான்.

ஆக்லாந்திலிருந்து தெற்கே போகும் முதலாம் நெடுஞ்சாலை பாம்பே குன்றுகளில் ஏறி இறங்குகிறது. 1863-இல் குடியேறிகளை ஏற்றிவந்த கப்பல் விட்டுச்சென்ற பெயர். பிறகு கிழக்கே திரும்பி, கைமாய் மலைத்தொடரைக் கடந்தால் டவுரங்காவும், அடுத்து கிவிப் பழத்தின் தலைநகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் டே புக்கேயும். 1904-இல் சீனாவிலிருந்து விதையாக வந்த இப்பழத்துக்கு 1959-இல் ஆக்லாந்தின் பழ வணிக நிறுவனம் ஒன்று கிவி என்று பெயர் வைத்தது. நம் ஊர்த் திராட்சைத் தோட்டம் போல ஆளுயரப் பந்தலில் கொடி படர, பழங்கள் கீழே தொங்குகின்றன. இலையிடுக்கில் வானம் கண்ணைப் பறிக்க, நிழலில் பழுப்புப் பழம். கேமராவுக்கு இதைவிடச் சோதனையான வெளிச்சம் குறைவு.

ஆக்லாந்துப் பல்கலைக்கழகம், வைகாட்டோ பல்கலைக்கழகம், ரோபோடிக்ஸ் ப்ளஸ் நிறுவனம் ஆகியவை சேர்ந்து இங்கே ஓட்டிப் பார்த்த எந்திரங்கள் இரண்டு. பூக்காலத்துக்கான மகரந்தச் சேர்க்கை எந்திரம் மணிக்கு 3.5 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டே, மேல்நோக்கிய இணைக் கேமராக்களால் பூக்களைக் கண்டு, மகரந்தக் கரைசலைத் தெளித்தது. ஏறத்தாழ 80 சதவீதப் பூக்களைத் தொட்டது. எந்திரத்தின் வேகம் விநாடிக்குச் சுமார் ஒரு மீட்டர். இணைக் கேமராக்கள் 10 மில்லிவிநாடி பிசகினால் பூ ஒரு சென்டிமீட்டர் இடம் மாறிவிடும். ஆனால் ஃப்ரேம் வேகம்? பார்வையின் நீளம் அரை மீட்டர் என்றும் ஒவ்வொரு பூவும் மூன்று படங்களில் விழ வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால் விநாடிக்கு ஆறு தொகுதி போதும். சவால் படமெடுப்பதில் இல்லை. எடுத்த படத்திலிருந்து பூவைக் கண்டறிந்து, அது தெளிப்பானுக்கு நேரே வருவதற்குள் ஆணை கொடுப்பதில் இருக்கிறது. அங்கே கணக்கில் வருவது விநாடிக்கு எத்தனை என்பதல்ல, ஒவ்வொன்றும் எவ்வளவு தாமதம் என்பது.

அறுவடை எந்திரத்துக்கு நான்கு கைகள். 2019-இல் வெளியான அதன் முதல் பெரிய சோதனை முடிவில் தோட்டத்துப் பழங்களில் 51 சதவீதத்தைப் பறித்தது. பழத்துக்குச் சராசரி 5.5 விநாடி. அடுத்த ஆண்டு வெளியான மேம்பட்ட வடிவத்தில் நேரம் 2.78 விநாடியாகப் பாதி குறைந்தது; பறித்த பங்கோ 55.8 சதவீதமாக மட்டுமே உயர்ந்தது. கை எட்டக்கூடிய பழங்களை மட்டும் எண்ணினால் 86 சதவீதம். எட்டாத பழங்கள் கம்பிக்கும் கொம்புக்கும் பின்னால் தொங்கின. அவற்றைப் பறிக்க ஃப்ரேம் வேகம் உதவாது. கையின் வடிவத்தையோ பந்தலின் அமைப்பையோதான் மாற்ற வேண்டும்.